சாயந்திரம் கத்தும் சூப்பர்வைசர்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. என் வயது 29. மூன்று தையல் லைன்கள் என் பொறுப்பில். இரண்டாவது லைன் சூப்பர்வைசருக்கு 52 வயது, 18 ஆண்டாக இங்கேயே இருக்கிறார். கைவேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சாயந்திரமானால் எல்லார் முன்னாலும் கத்துகிறார், ஒருமையில் திட்டுகிறார், பீஸைத் தூக்கி எறிகிறார். மூன்று மாதத்தில் அவர் லைனில் மட்டும் 11 பேர் நின்றுவிட்டார்கள். மற்ற இரண்டு லைனிலும் சேர்த்தே 5 பேர்தான். ஒருமுறை லைனில் வைத்தே “கத்தாதீங்க” என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நேராக முதலாளியிடம் போய்விட்டார். பிறகு வாட்ஸ்அப் குழுவில் “சிலர் மரியாதையாகப் பேசப் பழக வேண்டும்” என்று போட்டேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வேறு மாதிரி தைக்கிறார்கள், அதுவும் அவர் கோபத்தைக் கிளப்புகிறது. இவரை எப்படிக் கையாள்வது?

பதில்: காலையில் கத்தாத மனிதர் சாயந்திரம் கத்துகிறார் என்றால், குணத்தோடு சேர்த்து அந்த நேரத்தில் அவர் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் செக்கிங் டேபிள் லைனின் கடைசியில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காலை ஒன்பது மணிக்குத் தோள்பட்டையை இணைக்கும் ஷோல்டர் ஓவர்லாக் மெஷினில் நூல் டென்ஷன் தளர்கிறது. அந்த பண்டில் (ஒன்றாகக் கட்டிய பீஸ்கள்) கழுத்து ரிப், கை, சைடு, பாட்டம் எல்லாம் தாண்டிச் செக்கிங்குக்கு வரவே மதியமாகிவிடும். செக்கிங்கில் இருப்பவர் ஆல்டர் பீஸை, அதாவது பிரித்துத் திருத்த வேண்டியதை, ஓரமாக அடுக்கிக்கொண்டே போய், நாலரை மணிக்கு மொத்தமாகச் சொல்கிறார். மணிக்கு 60 பீஸ் ஓடும் லைன் என்றால் அதற்குள் 400 பீஸுக்கு மேல் அதே குறையோடு போயிருக்கும். ஓவர்லாக் தையலைப் பிரிப்பதற்குத் தைத்ததைவிட அதிக நேரம் பிடிக்கும். பிரிக்கும்போது துணியில் ஊசி ஓட்டை விழும், அளவு இழுபடும். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு ஆல்டர் வேலைக்குக் காசு கிடையாது, அதனால் அவர்களும் முகத்தைத் தூக்குவார்கள். இந்த மொத்தச் சுமையும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் தலையில் இறங்குகிறது.

இதற்காக அவர் கத்துவது சரி என்று ஆகாது. ஆனால் அவரிடம் பேச மட்டும் செய்து, குறை தெரியவரும் நேரத்தை மாற்றாமல் விட்டால், பத்து நாள் அடக்கிக்கொண்டு பதினோராம் நாள் வெடிப்பார். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும், பேச்சு முதலில். செக்கிங் முறையை முதலில் மாற்றினால், தன்னை வேவு பார்க்க ஆள் வைத்ததாகவே எடுத்துக்கொள்வார்.

பேச்சுக்கும் முன்னால் முதலாளி இருக்கிறார். 18 ஆண்டுப் பழக்கத்தை நீங்கள் முறிக்க முடியாது, முறிக்கவும் வேண்டாம். முதலாளியிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். புகார்ப் பட்டியல் வேண்டாம், வருகைப் பதிவேட்டோடு போங்கள். லைன் வாரியாக மூன்று மாதத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், நின்றவர்களில் எத்தனை பேர் சேர்ந்து 30 நாள்கூட முடிக்காதவர்கள் என்ற மூன்று எண்களும் ஒரே தாளில் இருக்கட்டும். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அவர் உங்ககிட்ட வந்தா கேளுங்க சார், ஆனா முடிவு சொல்லாம என்கிட்ட அனுப்புங்க.” இதற்கு அவர் சரி சொல்லாதவரை அந்த மூத்தவரிடம் பேச்சைத் தொடங்க வேண்டாம். தொடங்கி, முதலாளி பாதியில் குறுக்கே வந்தால் பிறகு மற்ற இரண்டு லைனிலும் உங்கள் சொல் எடுபடாது.

இனி பேசும் நாள். சனிக்கிழமை வேண்டாம். சம்பளம் போடும் நாளில் சொல்லும் எதுவும் கணக்குத் தீர்ப்பது போலவே காதில் விழும். ஷிப்மெண்ட் போகும் நாளும் அதற்கு முதல் நாளும் ஆகாது. செவ்வாய் அல்லது புதன், காலை டீக்குப் பிறகு நல்லது. உங்கள் கண்ணாடி அறையில் வைத்துப் பேசாதீர்கள், லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். சாம்பிள் ரூம் காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, முதலில் அவரை உட்காரச் சொல்லி, மேசை குறுக்கே இல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். இருபது நிமிடம் போதும்.

என்ன பேசுவது என்பதில்தான் பெரும்பாலான மேனேஜர்கள் சறுக்குகிறார்கள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்றால் அவர் மறுக்கத் தொடங்கிவிடுவார். “ஆளுங்க வருத்தப்படறாங்க” என்றால் யார் சொன்னது என்று தேடுவார், மறுநாள் அந்த ஆள் அகப்பட்டுக்கொள்வார். இரண்டாவது தவறு மிக ஆபத்தானது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்து, நேரத்தோடும் அதனால் வந்த விளைவோடும் சொல்லுங்கள். நடந்து ஒருநாளுக்குள் சொன்னால்தான் இருவருக்கும் அது நினைவில் ஒரே மாதிரி இருக்கும். ஏறத்தாழ இப்படி:

“அண்ணா, குரூப்ல நான் போட்ட மெசேஜ் உங்களை நெனச்சுப் போட்டதுதானுங்க. நேர்ல சொல்லாம அப்படிப் போட்டது என் தப்பு. இனி எதுவா இருந்தாலும் உங்ககிட்டயே சொல்றேன். நேத்து நாலே முக்காலுக்கு நாலாவது மெஷின்ல பீஸை எறிஞ்சீங்க, நான் செக்கிங் டேபிள்கிட்ட நின்னு பார்த்தனுங்க. அதுக்கப்புறம் அரை மணி நேரம் அந்த மெஷின் சரியா ஓடல, பக்கத்து ரெண்டு மெஷினும் மெதுவாயிருச்சு. என்ன ஆச்சுங்கண்ணா, உங்க பக்கம் சொல்லுங்க.”

இதைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேச ஒரு நிமிடம் எடுக்கலாம். அந்த ஒரு நிமிடம் உங்களுக்குத் தாங்காது, சமாதானமாக ஏதாவது சொல்லித் தொலைக்கத் தோன்றும். சொன்னால் அவர் பதில் சொல்ல வேண்டிய தேவையே போய்விடும்.

மூன்று பதில்களில் ஒன்றை எதிர்பார்க்கலாம். “கத்தலன்னா வேலை நடக்காது தம்பி” என்றால் வாதம் செய்யாமல் எண்ணைக் காட்டுங்கள்: “நின்னுபோன பதினோரு பேருக்குப் பதிலா வந்தவங்களுக்கு நீங்கதானேங்கண்ணா மறுபடி மறுபடி கத்துக்கொடுக்கறீங்க.” அவருடைய உழைப்புத்தான் வீணாகிறது என்பது அவருக்கே தைக்கும். “எங்களுக்கும் இப்படித்தான் கத்துக்கொடுத்தாங்க” என்றால் அது உண்மை. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, திட்டு வாங்கி, மெஷின் பிடித்து மேலே வந்த தலைமுறை அது. அதை மதித்துக் கேட்டுவிட்டு, அப்போது ஒரு கம்பெனியை விட்டால் அடுத்த கம்பெனியில் இடம் கிடைக்குமா என்ற பயம் இருந்தது, இன்று சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அடுத்த கேட்டில் ஏறிவிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். “முதலாளிகிட்டயே பேசிக்கறேன்” என்றால், “பேசுங்கண்ணா, நானும் வர்றேன்” என்பது போதும்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள். “மரியாதையா நடந்துக்கங்க” என்று கேட்காதீர்கள். அதை அவரும் அளக்க முடியாது, நீங்களும் அளக்க முடியாது. பார்த்தால் தெரிகிற இரண்டு மட்டும்: பீஸை எறிவதில்லை. யாரையும் திருத்த வேண்டுமென்றால் மெஷின் பக்கத்தில் போய், பீஸைக் கையில் பிடித்து, அந்த ஆளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது. ஒருமைப் பேச்சை இந்த முதல் உட்காரலில் தொடாமல் விடலாம் என்பது என் எண்ணம். 52 வயதில் மூன்று பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொன்னால் ஒன்றும் விடப்படாது, கத்துவது நின்றால் ஒருமையும் பெரும்பாலும் குறையும்.

அன்றைக்கே உங்கள் டைரியில் நான்கு வரி எழுதி வையுங்கள்: தேதி, பார்த்தது, அவர் சொன்னது, ஒப்புக்கொண்டது. அடுத்த சில நாளில் அவர் ஒரு பீஸை எறியாமல் மெஷினுக்குப் போய்க் காட்டியதைப் பார்த்தால், அன்று மாலைக்குள் அதைச் சொல்லிவிடுங்கள். “நல்லாப் பண்ணறீங்க” என்று மொட்டையாகச் சொல்லாமல், “மத்தியானம் ஆறாவது மெஷின்ல போய்க் காட்டுனீங்களே, அந்தப் பையன் அடுத்த பண்டில்லயே சரி பண்ணிட்டான்” என்று சொல்லுங்கள். குறையை நேரத்தோடு சொன்ன நீங்கள் பாராட்டையும் நேரத்தோடு சொன்னால்தான் அவர் இரண்டையும் நம்புவார்.

இதற்கிடையில் மறுபடி லைனில் வைத்துக் கத்தினால்? அங்கேயே தடுத்தால் முன்பு நடந்ததே நடக்கும். அவர் எல்லார் முன்னாலும் செய்வதை நீங்களும் எல்லார் முன்னாலும் அவருக்குச் செய்ததாகிவிடும். பக்கத்தில் போய் நின்று, “அண்ணா, கட்டிங்ல ஒரு சந்தேகம், ரெண்டு நிமிஷம் வாங்க” என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டு அவரை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். விஷயத்தைத் தனியாகப் பேசுங்கள். திட்டு வாங்கியவரிடமும் அன்றே போக வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவரிடம் சூப்பர்வைசரைக் குறை சொல்லாதீர்கள். “அந்தப் பீஸைக் காட்டுங்கம்மா, எங்க விடுதுன்னு பார்க்கலாம்” என்று வேலையில் தொடங்கினால், மீதியை அவரே சொல்வார்.

ஒரு எல்லையை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். திட்டில் பெண்களின் உடலைப் பற்றியோ பாலியல் சாடையாகவோ பேச்சு இருந்தால், அல்லது சாதி சொல்லித் திட்டினால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சமாதானம் பேசி முடிக்கும் விஷயமும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். தலைவராகப் பெண் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். உங்கள் வேலை, புகார் எழுத அந்தப் பெண்ணுக்கு உதவி செய்து குழுவிடம் சேர்ப்பது. சாதி வசை பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயலாம். நின்றுபோன 11 பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று இன்றே பாருங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேருக்கு ஒரு பெண் அதிகாரி மூலம் போன் செய்து, ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள்.

இனி செக்கிங். பின்னலாடையில் பரவலாக இருக்கும் ஏழு பீஸ் முறையே போதும். ஓடும் லைனில் ஒரு செக்கர் சுற்றி வந்து, ஒவ்வொரு மெஷினிலும் தைத்து முடித்த பண்டிலில் இருந்து ஏழு பீஸை ஆங்காங்கே உருவிப் பார்ப்பார். குறை இல்லையென்றால் பச்சை அட்டை. சின்னக் குறை ஒன்று இருந்தால் மஞ்சள், சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் மறுபடி பார்ப்பது. அதே குறை திரும்பினாலோ பெரிய குறை என்றாலோ சிவப்பு, மெஷினை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுவது, அந்த பண்டிலை முழுதும் பார்ப்பது. லைனில் உள்ள எல்லா மெஷினிலும் முதல் நாளே தொடங்காதீர்கள். ஷோல்டர், கழுத்து ரிப், கை, சைடு, பாட்டம் பிளாட்லாக் (அடி மடிப்புத் தையல்) என்ற ஐந்து வேலைக்கு மட்டும் மணிக்கு ஒரு சுற்று. எட்டு மெஷின் என்றால் 56 பீஸ். ஒரு வேலையை மட்டும் பார்ப்பதால் பீஸுக்கு 12 விநாடி வைத்தாலும் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும். காலை ஒன்பது மணிக் குறை பத்து மணிக்குத் தெரிந்தால் கையில் இருப்பது 60 பீஸ். நானூறுக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருடைய சாயந்திரக் குரலில் வெளிப்படும்.

இந்த முறை இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். சிவப்பு அட்டையை ஆளைக் குத்திக்காட்டப் பயன்படுத்தினால் அதுவே புதிய கத்தல் ஆகிவிடும். அட்டை மெஷினுக்கு, ஆளுக்கு இல்லை. அதைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடவே கூடாது, போட்டால் இரண்டாம் நாளே குறையை ஒளிக்கத் தொடங்குவார்கள். இன்னொன்று, செக்கர் யாரிடம் முதலில் சொல்கிறார் என்பது. உங்களிடம் சொன்னால் மூத்தவர் அந்த முறையையே சாகடித்துவிடுவார், செக்கர் அவரிடமே முதலில் சொல்லட்டும். தையல் விட்டுவிட்டுப் போனால் ஊசி வளைந்ததா, கீழ் நூலைப் பிடிக்கும் லூப்பரின் டைமிங் போனதா, நூல் சரியாக ஓடவில்லையா என்று ஒரு பார்வையில் சொல்லக்கூடியவர் உங்கள் தளத்தில் அவர்தான். அந்த அறிவை மாலையில் கத்துவதற்குச் செலவழிக்க விடாமல் பத்து மணிக்குப் பயன்படுத்த வைக்கிறீர்கள். கணக்கைப் போர்டில் எழுதுங்கள்: 300 பீஸ் பார்த்து 24 குறை என்றால் நூற்றுக்கு 8. வேலை வாரியாக மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

தலையாட்டும் பிரச்சினைக்கு வருவோம். “சமஜா?” (புரிந்ததா?) என்று இந்தியில் கேட்டால் யாரும் “இல்லை” என்று சொல்ல மாட்டார்கள். புதிய ஊர், புதிய மொழி, பக்கத்தில் கோபக்காரர். அந்தக் கேள்வியையே லைனில் இருந்து எடுத்துவிடுங்கள். 1940-களில் அமெரிக்கா போர்க்காலத் தொழிற்சாலைகளில் புதியவர்களைப் பழக்க உருவாக்கிய நான்கு படி முறை இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. ஆளைப் பதற்றமில்லாமல் ஆக்குவது, மெதுவாகச் செய்து காட்டுவது, அவரைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது, பிறகு விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார்ப்பது. நம் தளங்களில் மூன்றாவது படிதான் விடுபடுகிறது. காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் சூப்பர்வைசர் பேசாமல் ஒருமுறை தைத்துக் காட்டட்டும், கவனிக்க வேண்டிய மூன்று இடத்தைத் தொட்டுக் காட்டி இன்னொருமுறை தைக்கட்டும், பிறகு புதியவர் அவர் முன்னால் ஐந்து பீஸ் தைக்கட்டும். பத்து நிமிட வேலை.

மெஷின் மேலே சரியான பீஸ் ஒன்றும், அந்த வேலையில் அடிக்கடி வரும் குறையுள்ள பீஸ் இரண்டும், குறை இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தொங்கட்டும். எழுதி ஒட்டுவதைவிட இது மேல். ஒடிசாக்காரர்களின் மொழியும் எழுத்தும் வேறு, இந்தியில் எழுதி ஒட்டினால் எல்லாருக்கும் எழுதியதாக ஆகாது. சூயி, தாகா, ருக்கியே, திகாயியே என்று பத்துச் சொல்லைச் சூப்பர்வைசர் கற்றுக்கொண்டால், ஊசி, நூல், நிறுத்து, காட்டு என்று பத்தை அவர்களும் கற்றுக்கொள்வார்கள். மொழிபெயர்க்க லேபர் காண்ட்ராக்டரின் ஆளையே எப்போதும் கூப்பிடாதீர்கள். தையல் விஷயத்துக்கு அவர் போதும். சம்பளப் பிடித்தம், தங்குமிடம், திட்டு பற்றிய பேச்சு அவர் வழியாக உங்களிடம் வந்து சேராது. விடுமுறையையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவிடுங்கள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை, ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. இரண்டும் தெரியாமல் “சொல்லாம ஓடிட்டான்” என்று லைனில் திட்டு விழுவது வழக்கம்.

ஆறு வாரம் கொடுங்கள். வாரம் ஒருமுறை, அதே சாம்பிள் ரூமில், பத்து நிமிடம். பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: புதிதாகச் சேர்ந்தவர்களில் 30 நாள் தாண்டியவர்கள் எத்தனை பேர். அது ஏறினால் கொஞ்சம் சத்தம் மிச்சமிருந்தாலும் பொறுத்துப் போகலாம். ஏறவில்லை, எறிவதும் நிற்கவில்லை என்றால் அவர் லைன் நடத்தக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. சாம்பிள் தைப்பது, புது ஸ்டைல் லைனுக்கு வரும் முன் மெஷின் அமைப்பு சொல்வது, ஆல்டர் ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பது போன்ற வேலைக்கு அவரை மாற்றலாம். கை உண்டு, பொறுமை குறைவு என்பவருக்குப் பொருந்தும் இடம் அது. சொல்லும்போது முதலாளியும் கூட இருக்க வேண்டும். சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்ற கடிதம் கையெழுத்தோடு தயாராக இருக்க வேண்டும், அதை அவர் கையில் கொடுத்த பிறகே மாற்றம் பற்றிப் பேசத் தொடங்குங்கள். அடுத்து லைனைப் பார்க்கப்போவது யார் என்பது அவருக்குத் தெரிந்த பிறகுதான் லைனுக்குத் தெரிய வேண்டும், அதுவும் அன்றைக்கே.